ரீஜனல் ஏர்லைன் பைலட்: சம்பளம் எவ்வளவு, அங்கிருந்து எங்கே?

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரிலிருந்து விமானம் ஏறினால் டிக்கெட்டில் டெல்டா என்ற பெரிய விமான நிறுவனத்தின் பெயர் இருக்கும், வாலிலும் டெல்டாவின் நிறம்தான் இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில் ஸ்கைவெஸ்ட் என்றோ எண்டெவர் என்றோ போட்டிருப்பார்கள். அந்த விமானத்தை ஓட்டும் இருவரும் டெல்டாவின் பைலட் பட்டியலில் இல்லாதவர்கள். அவர்களை வேலைக்கு எடுத்ததும் சம்பளம் கொடுப்பதும் அந்தச் சின்ன எழுத்து நிறுவனம்தான். இந்த வகை நிறுவனங்களைத்தான் ரீஜனல் ஏர்லைன் என்கிறார்கள்.

பைலட் ஆக ஆசைப்படும் பிள்ளைகள் இந்த வேலையின் சம்பளத்தைத் தேடினால் குழம்பிப் போவார்கள். ஆண்டுக்கு 20,000 டாலர், பீட்சா கடையில் வேலை பார்ப்பதே மேல் என்று ஒருவர் எழுதியிருப்பார். முதல் வருடமே 80,000, 90,000 என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இடையில் பத்துப் பதினைந்து வருடங்கள் ஓடியிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த வருடங்களில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், இன்று சொல்லப்படும் தொகையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் புரியும்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் தங்கள் சிறிய வழித்தடங்களை ரீஜனல் நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விடுகின்றன. டிக்கெட் விற்பது, விலை வைப்பது, எரிபொருள் செலவை ஏற்பது எல்லாம் பெரும்பாலும் பெரிய நிறுவனத்தின் பொறுப்பு. ஓட்டிக் கொடுத்ததற்கான கட்டணம் ரீஜனலுக்கு வரும். ஸ்கைவெஸ்ட் ஒரே நேரத்தில் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன், அலாஸ்கா என நான்கு பேருக்கும் பறக்கிறது. என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ மூன்றும் அமெரிக்கன் குழுமத்துக்கே சொந்தமானவை. எண்டெவர் டெல்டாவின் துணை நிறுவனம். சொந்தக்காரர் யாராக இருந்தாலும் பைலட்டுகளின் சம்பள ஒப்பந்தம் மட்டும் தனி.

பெரிய நிறுவனமே நேரடியாக ஓட்டினால் என்ன? செலவுதான் காரணம். பெரிய நிறுவனத்தின் பைலட் சம்பளத்தைக் கொடுத்து 50 அல்லது 70 பேர் உட்காரும் விமானத்தை ஓட்டினால் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் கணக்கு. பெரிய நிறுவனங்களின் பைலட் சங்கங்களோ, இப்படியே விட்டால் எல்லா வேலையும் வெளியே போய்விடும் என்று பயந்து ஒப்பந்தத்தில் எல்லை போட்டு வைத்திருக்கின்றன. பொதுவாக 76 இருக்கைக்கு மேலோ, 86,000 பவுண்டுக்கு மேல் எடையோ உள்ள விமானத்தை ரீஜனலுக்குக் கொடுக்க முடியாது. பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனம் ஈ-175 விமானத்தின் புதிய மாடலை உருவாக்கியும், அது இந்த எடையைத் தாண்டிவிட்டதால் அமெரிக்க ரீஜனல்கள் வாங்கவில்லை. பழைய ஈ-175 தான் இன்னும் அங்கே ஓடுகிறது. ஒரு சங்க ஒப்பந்தத்தின் வரி, விமானத் தொழிற்சாலை வரை போய்ப் பாதிக்கிற அளவுக்கு வலுவானது. ரீஜனல் பைலட்டின் சம்பளத்தைப் பெரிய நிறுவனத்தின் சம்பளத்துக்குக் கீழே வைத்திருப்பதும் இதே ஏற்பாடுதான்.

மணிக்கணக்குச் சம்பளம்

அமெரிக்க பைலட்டுக்குச் சம்பளம் மணிக்கு இவ்வளவு என்று பேசப்படும். அந்த மணி நாம் நினைக்கிற மணி அல்ல. விமானம் கேட்டை விட்டு நகரும்போது தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் கேட்டில் நிற்கும்போது முடியும். இதை பிளாக் ஹவர் என்கிறார்கள். அதற்கு முன்னால் வானிலை பார்ப்பது, விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பது, அடுத்த விமானத்துக்காக இரண்டு மணி நேரம் காத்திருப்பது ஆகியவற்றுக்கு அந்த விகிதம் பொதுவாகக் கிடையாது. ரீஜனல் விமானங்கள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணங்களாக ஒரு நாளில் நாலைந்து முறை ஏறி இறங்கும். ஆகவே பன்னிரண்டு மணி நேரம் சீருடையில் இருந்துவிட்டு ஐந்து அல்லது ஆறு மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்குவது அங்கே சாதாரணம். ஒரே தடவை ஏறி பத்து மணி நேரம் பறக்கும் பெரிய விமானப் பைலட்டுக்கு இந்தக் கஷ்டம் குறைவு.

மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணிக்குச் சம்பளம் உண்டு என்ற உத்தரவாதம் இருக்கும். பெரும்பாலான இடங்களில் அது 75 மணி நேரத்தை ஒட்டியிருக்கும். மணிக்கு 90 டாலர் என்றால் மாதம் 6,750, ஆண்டுக்கு 81,000 டாலர். வெளியூரில் இருக்கும் நேரத்துக்கு, மணிக்கு இரண்டு டாலரை ஒட்டிச் சாப்பாட்டுப் படி தனியாக வரும். கூடுதலாகப் பறந்து சம்பாதிக்கலாமே என்றால், சட்டப்படி 365 நாட்களில் 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்க முடியாது. அதனால் ஒரு பைலட்டின் வருமானம் பெரும்பாலும் அந்த மணி விகிதத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இதே கணக்கை 2000-களின் நடுவில் போட்டுப் பாருங்கள். அப்போது பல ரீஜனல்களில் புதிதாகச் சேரும் துணை விமானிக்கு மணிக்கு 20 டாலரைச் சுற்றித்தான் கொடுத்தார்கள். 22 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 19,800 வரும். படிப்புக் கடன் மட்டும் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருந்த காலம் அது. வேலை பார்க்கும் நகரத்தில் வாடகை கொடுக்க முடியாமல் தூரத்து ஊரில் பெற்றோர் வீட்டில் தங்கி, வேலைக்கே விமானம் பிடித்து வந்தவர்கள் ஏராளம்.

பஃபலோ விபத்தும் 1,500 மணி நேரமும்

2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 தரையிறங்கும் முன் கட்டுப்பாட்டை இழந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். கான்டினென்டல் கனெக்‌ஷன் என்ற பெயரில் ஓடிய ரீஜனல் விமானம் அது. வேகம் குறைகிறது என்று விமானம் எச்சரித்தபோது கேப்டன் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செய்தார் என்று விசாரணை சொன்னது. அதோடு இன்னொன்றும் வெளியே வந்தது. துணை விமானி முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் ஏறி, மெம்ஃபிஸ் வழியாக நியூவார்க் வந்து, சரியாகத் தூங்காமல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ரீஜனல் பைலட்டுகள் எப்படி வாழ்கிறார்கள், என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் வாஷிங்டனின் கதவைத் தட்டின. 2010 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல், பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். அதற்கு முன் 250 மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கியவரே சட்டப்படி உட்கார முடிந்தது. சில விலக்குகள் உண்டு: ராணுவத்தில் பறந்தவருக்கு 750, விமானவியல் பட்டம் பெற்றவருக்கு 1,000, இரண்டாண்டுப் படிப்பு முடித்தவருக்கு 1,250. ஓய்வு நேர விதிகளும் 2014-ல் கடுமையாயின.

இந்த 1,500 மணி விதியைப் பற்றி இன்றுவரை சண்டை ஓயவில்லை. கோல்கன் விமானத்தில் இருந்த இருவருமே 1,500 மணியைத் தாண்டியவர்கள், அப்படியிருக்க இந்த எண்ணால் என்ன பயன் என்று ரீஜனல் நிறுவனங்கள் கேட்கின்றன. இந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் அமெரிக்க வானம் பாதுகாப்பாக இருக்கிறது என்று பைலட் சங்கம் பதில் சொல்கிறது. எனக்குத் தோன்றுவது இது: எண்ணைப் பற்றி இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது. ஆனால் தூக்கமில்லாத, வாடகை கட்ட முடியாத ஒருவரிடம் ஐம்பது உயிர்களை ஒப்படைத்த ஏற்பாட்டுக்கு எந்த நியாயமும் கிடையாது.

இந்த விதி, வேலைக்கு வரும் வழியையே மாற்றிவிட்டது. 250 மணி நேரத்தில் லைசென்ஸ் வாங்கிய ஒரு பிள்ளைக்கு இன்னும் 1,250 மணி பாக்கி இருக்கும். பெரும்பாலானோர் பயிற்றுநர் ஆகிவிடுகிறார்கள். தாங்கள் படித்த பள்ளியிலேயே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து மணி சேர்க்கிறார்கள். சிலர் கடற்கரையில் விளம்பரத் துணியை இழுத்துப் பறக்கிறார்கள், சிலர் எண்ணெய்க் குழாய்களை மேலிருந்து கண்காணிக்கிறார்கள், சிலர் பாராசூட்டில் குதிப்பவர்களை ஏற்றிப் போகிறார்கள். சுமாராக ஒன்றரை, இரண்டு வருடம் இப்படி ஓடும். இதற்குள் பயிற்சிச் செலவு ஒரு லட்சம் டாலரைத் தொட்டிருக்கும், பெரும்பாலும் கடனாக. ரீஜனல் வேலையின் முதல் சம்பளத்தைப் பார்க்கும்போது இந்த வருடங்களையும் கடனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விதி வந்தவுடன் சம்பளம் ஏறிவிடவில்லை. மெதுவாக உயர்ந்தது. பாய்ச்சல் வந்தது கொரோனாவுக்குப் பிறகுதான். 2020-ல் பயணிகள் இல்லாமல் போனபோது பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து மூத்த பைலட்டுகளை முன்கூட்டியே ஓய்வு பெற வைத்தன. ஒரே வருடத்தில் கூட்டம் திரும்பி வந்தது, ஆள் இல்லை. எல்லோரும் ரீஜனல்களிலிருந்து அள்ளினார்கள். 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், பைலட் பற்றாக்குறையால் 29 சிறு ஊர்களின் சேவையை நிறுத்தப் போவதாக அரசுக்கு அறிவிப்புக் கொடுத்தது. அந்த ஜூனில் என்வாயும் பீட்மான்ட்டும் புதிய துணை விமானியின் தொடக்க விகிதத்தை மணிக்கு 90 டாலராக்கின. ஆகஸ்டில் மேசா நிறுவனம் அதை 100 டாலர் என்று அறிவித்தது. மேசாவில் அது ஒரே கையெழுத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் உயர்வு. கேப்டனாகச் சேர்பவருக்கு மணிக்கு 150 டாலர். இது போக போனஸ், அனுபவமுள்ள கேப்டன்களுக்கு ஒரு லட்சம் டாலர் வரை கூட.

போனஸ் என்றால் உடனே மயங்கிவிடக் கூடாது. இத்தனை வருடம் இருக்க வேண்டும், முன்னால் போனால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் கூடவே வரும்.

சீனியாரிட்டி

சம்பளத்தை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் அதைத்தான். அமெரிக்க விமான நிறுவனத்தில் ஒரு பைலட்டின் வாழ்க்கையை முடிவு செய்வது அவருடைய சீனியாரிட்டி எண். சேர்ந்த தேதியை வைத்து வரும் எண் அது. எந்த ஊரிலிருந்து பறக்கலாம், எந்த விமானம், எந்த நாள் விடுமுறை, தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ வீட்டில் இருக்கலாமா, எப்போது கேப்டன் ஆகலாம், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் போவது என எல்லாமே அந்த எண்படிதான். திறமை, பழக்கம், மேலாளரின் விருப்பம் எதற்கும் இதில் இடமில்லை.

ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால் அந்த எண் கூட வராது. ரேஷன் கடை வரிசையில் பாதி தூரம் வந்தவர், பக்கத்துக் கடைக்கு மாறினால் அங்கே கடைசியில்தான் நிற்க வேண்டும், அதுபோலத்தான். இருபது வருட அனுபவமுள்ள ரீஜனல் கேப்டன் யுனைடெட்டில் சேர்ந்தால், அன்று அவர் கடைசித் துணை விமானி. முதல் வருடச் சம்பளம்தான் கிடைக்கும்.

இதனால்தான் இளைஞர்கள் ரீஜனலை ஒரு படியாகப் பார்க்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் பெரிய நிறுவனத்துக்குப் போகிறோமோ அவ்வளவு நல்லது. பைலட் 65 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பது சட்டம். இப்போது கணக்குப் போடுங்கள். பெரிய நிறுவனத்தில் 30 வயதில் சேர்ந்தவருக்கு 35 வருடம் உண்டு, 40 வயதில் சேர்ந்தவருக்கு 25. தாமதமானவர் பத்து வருடத் துணை விமானிச் சம்பளத்தை மட்டும் இழந்ததாகத் தோன்றும். உண்மையில் அவர் இழப்பது வரிசையின் உச்சியில் இருக்கும் கடைசிப் பத்து வருடங்களை. அதாவது, பெரிய விமானத்தின் கேப்டனாக மணிக்கு 400 டாலருக்கு மேல் வாங்கும் வருடங்களை. 2023-ல் டெல்டா, அமெரிக்கன், யுனைடெட் மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களுக்குப் பிறகு அந்த அளவுக்கு விகிதம் போய்விட்டது. ஒரு வருடத் தாமதத்தின் விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல் என்று சொன்னால் மிகையில்லை.

எனவே இரண்டு ரீஜனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, மணிக்கு ஐந்து டாலர் கூடுதலாகத் தருகிற இடத்தை விட, சீக்கிரம் மேலே அனுப்புகிற இடமே லாபம். என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ பைலட்டுகளுக்கு அமெரிக்கனுக்குள் வரிசைப்படி போகும் வழி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. யுனைடெட்டுக்கு ஏவியேட் என்ற திட்டம் உண்டு. இந்த வழிகள் திறந்திருக்கின்றன என்பதற்கும் அவற்றில் ஆட்கள் நகர்கிறார்கள் என்பதற்கும் நிறைய தூரம். பெரிய நிறுவனம் ஆள் எடுப்பதை நிறுத்தினால் வரிசை அப்படியே நின்றுவிடும்.

அப்படி நின்றதும் உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் வரிசையாகத் திவாலாகின. 2007-ல் ஓய்வு வயதை 60-லிருந்து 65 ஆக்கியதால் ஐந்து வருடத்துக்கு ஓய்வுகளே குறைந்துபோயின. அடுத்து 2008-ன் பொருளாதாரச் சரிவு. அந்தக் காலத்தில் ரீஜனலில் சேர்ந்தவர்கள் பத்து வருடத்துக்கு மேல் துணை விமானியாகவே இருந்த கதைகள் உண்டு. அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர், சேர்ந்த வருடம் அப்படி அமைந்துவிட்டது. 2022-ல் பெரிய நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்தன. 2024-ல் போயிங்கின் புதிய விமானங்கள் தாமதமாக, சில நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தன அல்லது சிறிது காலம் நிறுத்தின. இரண்டு வருட இடைவெளியில் ஒரே படிப்புப் படித்த இரண்டு பேரின் வாழ்க்கை வேறு வேறு பாதையில் போய்விட்டது.

ரீஜனலுக்குள்ளேயே கேப்டன் ஆவதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. விமான நிறுவனத்தில் துணை விமானியாக 1,000 மணி நேரம் பறந்த பிறகுதான் கேப்டன் ஆக முடியும். 2022, 2023-ல் கேப்டன்கள் கூட்டமாகப் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். கேப்டன் இல்லாமல் விமானம் பறக்காது. விமானம் பறக்காததால் புதிய துணை விமானிகள் வீட்டில் ரிசர்வில் உட்கார்ந்தார்கள், அழைப்பு வரவில்லை. உத்தரவாதச் சம்பளம் வந்தது, மணி ஏறவில்லை. மணி ஏறாததால் அவர்கள் கேப்டன் ஆக முடியவில்லை, பற்றாக்குறை நீடித்தது. வேலைக்குச் சேரும் முன் ஒருவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து வருகிறது: உங்கள் புதிய துணை விமானிகள் மாதம் உண்மையில் எத்தனை மணி நேரம் பறக்கிறார்கள்? மணி விகிதத்தை நிறுவனமே பெருமையாகச் சொல்லும். இதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும், முடிந்தால் அங்கே இப்போது வேலை செய்பவரிடமிருந்து.

ஒப்பந்தத்தை நம்பி வாழும் நிறுவனங்கள் என்பதால் ரீஜனல்கள் மறைந்தும் போகும். டெல்டாவுக்குச் சொந்தமாக இருந்த காம்ஏர் 2012-ல் மூடப்பட்டது. டிரான்ஸ் ஸ்டேட்ஸும் காம்பஸும் 2020 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் பறப்பதை நிறுத்தின. நிறுவனம் மூடினால் சீனியாரிட்டி எண்ணும் அதோடு போய்விடும், பறந்த மணிகள் மட்டும் கையில் மிஞ்சும். மருத்துவச் சான்றும் அப்படித்தான். 40 வயதைத் தாண்டிய கேப்டன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேற வேண்டும், ஒரு இதயக் கோளாறு போதும் சம்பளம் நிற்க. இதற்கென்று இருக்கும் காப்பீட்டை இளம் வயதில் பலர் எடுப்பதில்லை, எடுப்பது நல்லது.

எல்லோரும் ஓடிப்போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரீஜனலிலேயே இருபது வருடம் இருந்து, தன் ஊரிலிருந்தே பறந்து, விரும்பிய நாளில் விடுமுறை எடுத்து, பிள்ளைகள் வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் கேப்டன்கள் இருக்கிறார்கள். இன்றைய விகிதத்தில் 150 டாலர், 75 மணி என்றால் அவர்களின் அடிப்படை வருமானமே ஆண்டுக்கு 1,35,000 டாலர். ஐம்பது வயதில் இன்னொரு நிறுவனத்தில் கடைசி எண்ணாகப் போய் நள்ளிரவு அழைப்புக்குக் காத்திருப்பதை விட இது நல்ல வாழ்க்கை என்று அவர்கள் முடிவெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு

இங்கிருந்து அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுக்கும் மாணவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி விசாவில் படிக்கலாம். அதை வைத்து அங்கே ரீஜனலில் நிரந்தர வேலைக்குப் போக முடியாது, பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். பெரும்பாலானோர் லைசென்ஸோடு திரும்பி, டிஜிசிஏ என்ற இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் தேர்வுகள் எழுதி இந்திய லைசென்ஸாக மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்திய ஏணியும் வேறு. இங்கே 1,500 மணி விதி கிடையாது. 200 மணி நேரத்தில் கமர்ஷியல் லைசென்ஸ் கிடைக்கும், அதன் பிறகு டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சி) முடித்தவர் நேராக ஏர்பஸ் ஏ320-ன் துணை விமானி இருக்கையில் உட்காரலாம். ஆகவே அலையன்ஸ் ஏர், ஸ்டார் ஏர், ஃப்ளை91 போன்ற சிறு நிறுவனங்கள் அமெரிக்காவைப்போல் எல்லோரும் கடந்தாக வேண்டிய படி அல்ல. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறந்த ஏடிஆர் என்ற சிறு புரொப்பெல்லர் விமானத்தில் இருந்த துணை விமானியும், அதே வயதில் துபாய்க்குப் பறக்கும் ஏ320 துணை விமானியும் ஒரே பள்ளியில் படித்தவர்களாக இருக்கலாம். அமெரிக்காவில் ரீஜனல் நிறுவனமே தன் செலவில் டைப் ரேட்டிங் கொடுத்து, பயிற்சிக் காலத்துக்கும் சம்பளம் தருகிறது. இங்கே பல இடங்களில் டைப் ரேட்டிங் செலவு மாணவர் தலையில், அதுவும் பல லட்சம் ரூபாய். வேலை மாறுவதிலும் வேறுபாடு உண்டு: டிஜிசிஏ 2017-ல் வைத்த விதிப்படி கேப்டன் ஒரு வருடமும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அமெரிக்க ரீஜனல் பைலட் பெரிய நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் இரண்டு வார அறிவிப்பில் கிளம்பிவிடுவது வழக்கம். அங்கே 2022-ல் சம்பளம் அவ்வளவு வேகமாக ஏறியதற்கு இந்தச் சுதந்திரமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.